பக்தியும் வாக்கும்: இளையாத்தங்குடியை முன்வைத்து ஒரு மறுபார்வை

தமிழ்நாட்டில் வலதுசாரி அரசியல் தனித்து வேரூன்றாமைக்குத் திராவிட இயக்கத்தின் பகுத்தறிவுப் பரப்புரையே காரணம் என்பது பலரும் ஏற்ற விளக்கம். சிவகங்கை மாவட்டத்து இளையாத்தங்குடி அவ்விளக்கத்தை ஐயுற வைக்கிறது.

இவ்வூர்க் கோயில் நகரத்தாரின் ஒன்பது குலக்கோயில்களுள் ஒன்று. குலக்கோயில் மாலை வந்த பின்னரே அவர்தம் திருமணம் நிகழும். மணமக்கள் கோயில் கணக்கில் ஒரு புள்ளியாகச் சேர்வர். பரப்புரையால் இங்குப் பக்தி குன்றவில்லை. எனினும் 2019 மக்களவைத் தேர்தலில், அ.தி.மு.க. கூட்டணியில் சிவகங்கையில் நின்ற பா.ஜ.க.வின் எச். ராஜா, காங்கிரசின் கார்த்தி சிதம்பரத்திடம் 3 லட்சத்துக்கும் மிகுதியான வாக்குகளில் தோற்றார். ஒரு சமூகத்தின் வழக்கால் தொகுதி முழுவதையும் அளத்தல் பொருந்தாது. ஆயினும் பக்தி மிகுந்த இடத்தில் அது தானே வாக்காகும் என்னும் எடுகோள் இங்கு நிற்கவில்லை. குலக்கோயில் மக்களைக் குலத்தாலும் பிரிவாலும் இணைக்கிறது; ‘இந்து’ என்னும் பொதுப்பெயரால் அன்று. இராமனும் இப்பகுதியில், 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் நிறுவிய கம்பன் கழகத்தின் வழியே, தமிழ்க் காப்பியத் தலைவனாகவே போற்றப்பட்டான்.

நரேந்திர சுப்பிரமணியன் 1999இல் வெளியிட்ட நூல், திராவிடக் கட்சிகளின் அமைப்புப் பன்மையே மோதல்களைத் தணித்தது என்கிறது. பகுத்தறிவு விளக்கத்தினும் இது வலியது. ஆனால் அதனை நிலைத்த அரணாகக் கொள்ளுதல் பிழை. 2001இல் அதே எச். ராஜா காரைக்குடிச் சட்டமன்றத் தொகுதியில் வென்றது தி.மு.க. கூட்டணியில்தான். கதவு உள்ளிருந்தே திறக்கப்பட்டது. மாறாக, 1996இல் பா.ஜ.க. பத்மநாபபுரத்தில் பெரிய கட்சி எதனின் துணையுமின்றி வென்றது. அத்தொகுதி அமைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், 1982 மண்டைக்காட்டுக் கலவரம் இந்து, கிறித்தவர் என்னும் பிளவை முன்னரே கூர்மையாக்கியிருந்தது.

ஆக, ஒரே மாநிலத்துள்ளும் வேறுபாட்டை விளக்குவது பக்தியின் அளவன்று. சமயப் பிளவு அரசியலாக்கப்பட்டதா, பிற கட்சிகள் இடம் தந்தனவா என்பனவே. பிராங்கோ ஆட்சியின் நினைவே தடுப்பாகும் எனக் கருதப்பட்ட ஸ்பெயினில், 2018இல் வோக்ஸ் கட்சி அந்தலூசியச் சட்டமன்றத்தில் நுழைந்தது. அங்கு அமைந்த புதிய ஆட்சிக்கு அதன் ஆதரவும் தேவைப்பட்டது. எந்நாட்டுக்கும் இயல்பான தடுப்பாற்றல் இல்லை. தமிழகத்துக்கு உண்டென நம்பும் ஆய்வு, மாற்றம் நிகழும்போது அதனைக் காணத் தவறும்.