கூட்டல் மட்டும் தெரியும் கணக்கு: துணை மதிப்பீடுகள் பற்றி ஒரு குறிப்பு

சட்டமன்றத்தில் துணை மதிப்பீடு தாக்கலாகும் நாளில் பெரியப்பாவிடமிருந்து போன் வந்துவிடும். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிலுவைத் தொகை இன்னும் முழுசா வரவில்லை. "எங்க ஆளுங்களுக்கு ஏதாவது போட்டிருக்காங்களான்னு பாருடா" என்பார். நானும் கே.கே. நகர் வீட்டில் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்காருவேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, மென்பொருள் ஆள். ஆனால் பெரியப்பா புண்ணியத்தில் சில வருடங்களாக இந்த ஆவணங்களைப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு குறை உறுத்துகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஆண்டுத் தொடக்கத்தில் சட்டமன்றம் ஐம்பதுக்கும் மேற்பட்ட மானியக் கோரிக்கைகளை நிறைவேற்றி, எந்தத் துறைக்கு எவ்வளவு என்று அனுமதி தருகிறது. நடுவில் அது போதவில்லை என்றாலோ, பட்ஜெட்டில் இல்லாத புது வேலை வந்தாலோ, அரசு மறுபடி சபைக்கு வரவேண்டும். அரசியலமைப்புச் சட்டத்தின் 205-ஆவது பிரிவு சொல்வது இது. அதற்குள் அவசரமாகப் பணம் தேவைப்பட்டால் எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணம் எடுக்கலாம். பிறகு துணை மதிப்பீட்டில் ஒப்புதல் வாங்கி அதைத் திருப்பி வைக்க வேண்டும்.

இப்போது 2024-25 கணக்கைப் பார்ப்போம். 2024 டிசம்பர் 9-ஆம் தேதி நிதியமைச்சர் தங்கம் தென்னரசு முதல் துணை மதிப்பீட்டைத் தாக்கல் செய்தார். தொகை சுமார் 3,531 கோடி. ஃபெஞ்சல் புயல் கரை கடந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கூட்டத்தொடர் இரண்டே நாள். முதல் நாள் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரான தீர்மானம் வந்தது, அடுத்த நாள் செய்தித்தாளில் முழுக்க அதுதான். அது நியாயமும்கூட. ஆனால் 3,531 கோடி ஓரமாக ஒரு பெட்டிச் செய்தியாகப் போனது. அடுத்து 2025 மார்ச்சில் இறுதித் துணை மதிப்பீடு, சுமார் 19,287 கோடி. இரண்டையும் கூட்டினால் 22,800 கோடிக்கு மேல்.

"பட்ஜெட்டைத் தாண்டி இவ்வளவு செலவா?" என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 2025-26 பட்ஜெட்டில் வந்த திருத்திய மதிப்பீட்டைப் பக்கத்தில் வைத்தால் கதை மாறுகிறது. 2024-25-இன் வருவாய் வரவு 2.99 லட்சம் கோடியிலிருந்து 2.94 லட்சம் கோடியாகக் குறைந்தது. நிதிப் பற்றாக்குறையும் சுமார் 1.09 லட்சம் கோடியிலிருந்து 1.02 லட்சம் கோடியாகக் குறைந்தது. வரவும் குறைந்து, பற்றாக்குறையும் குறைந்தால் என்ன அர்த்தம்? மொத்தச் செலவு பட்ஜெட்டில் போட்டதைவிடக் குறைந்திருக்கிறது!

22,800 கோடி கூடுதலாக அனுமதி வாங்கிய வருடத்தில் செலவு குறைந்தது எப்படி? விடை எளிது. துணை மதிப்பீட்டில் கூட்டல் மட்டும்தான் உண்டு. வேறு துறைகளில் செலவாகாமல் நின்றது, நிறுத்தி வைத்தது, ஆண்டு இறுதியில் திருப்பி ஒப்படைத்தது, எதுவும் அந்தத் தொகையில் கழியாது. எங்கள் தொழிலில் கோடை மாற்றினால் சேர்த்த வரியும் நீக்கிய வரியும் சேர்ந்தே திரையில் தெரியும். சேர்த்ததை மட்டும் காட்டுகிறேன் என்று ஒருவர் வந்தால் டீமில் யாரும் அப்ரூவ் பண்ண மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. கோடிகளுக்கு நடுவே சில இடங்களில் ஆயிரம் ரூபாய் என்று ஒரு வரி வரும். முதல் தடவை அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பிழையில்லை. வேலை புதியது, அதனால் சபையின் ஒப்புதல் வேண்டும். பணம் மட்டும் அதே மானியத்துக்குள் மிச்சமானதிலிருந்து மறு நிதி ஒதுக்கமாக வரும். எனவே அடையாளத்துக்கு ஓர் ஆயிரம். திட்டம் பல கோடி, மொத்தத் தொகையில் ஏறுவது ஆயிரம். ஆக, தலைப்புச் செய்தியில் வரும் எண் ஒரு பக்கம் மிகை, இன்னொரு பக்கம் குறை. அதை வைத்து அரசைத் திட்டுவதும் பாராட்டுவதும் இரண்டுமே அவசரம்.

அடுத்தது காலம். அரசாணைகளைப் புரட்டுகிறவர்களுக்குக் கடைசிப் பத்தி மனப்பாடம். இது புதுத் துணைப் பணி, சட்டமன்ற ஒப்புதல் பின்னர் துணை மதிப்பீட்டில் பெறப்படும், அதுவரை முன்பணம் என்று இருக்கும். புயல், வெள்ளம் என்றால் இது சரி. 2021 நவம்பரில் எங்கள் தெருக்களில் தண்ணீர் நின்றபோது, சபை கூடட்டும் என்று காத்திருக்க முடியுமா? ஆனால் நிதியாண்டு முடியப் பத்து நாள் இருக்கும்போது 19,000 கோடிக்கு வரும் கோரிக்கையில் உறுப்பினர்கள் எதை மாற்ற முடியும்? பெரும்பகுதி ஏற்கெனவே முடிவானது. அதற்குப் பெயர் அனுமதி இல்லை, கணக்கை நேர் செய்வது.

மூன்றாவது, தணிக்கை. சி.ஏ.ஜி.யின் மாநில நிதி அறிக்கைகளில் ஒரு கண்டுபிடிப்பு திரும்பத் திரும்ப வரும். சில மானியங்களில் முதலில் ஒதுக்கியதே முழுசா செலவாகவில்லை, ஆனாலும் துணை மானியம் வாங்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டுமான நோய் இல்லை இது.

இதற்காகத் துணை மதிப்பீடே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. 2020 செப்டம்பரில் கலைவாணர் அரங்கத்தில் சபை கூடியபோது சுமார் 12,845 கோடிக்குத் துணை மதிப்பீடு வந்தது. அந்தக் கொரோனா வருடத்தில் வராமல் இருந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். கூடுதல் செலவே இல்லை என்று காட்டிவிட்டு, வாரியங்கள், கழகங்கள் பெயரில் கடன் வாங்கி ஓட்டுவது அதைவிட மோசம். சபைக்கு வந்து கேட்பது நல்ல பழக்கம்தான். கேட்கும் விதம்தான் அரைகுறை.

நான் எதிர்பார்ப்பது ஒரே ஒரு பக்கம். மானியம் வாரியாக, முதலில் ஒதுக்கியது, இன்றுவரை செலவானது, இப்போது கேட்பது, இதற்கு எங்கிருந்து பணம் வருகிறது. நான்கு பத்தி. கருவூலம் கணினிமயமான காலத்தில் இது பெரிய வேலையில்லை. தினமும் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெரியப்பாவுக்குப் போன தடவை, "போட்டிருக்கற மாதிரிதான் தெரியுது" என்றேன். "போட்டது இருக்கட்டும், அது கைக்கு வருமா, மார்ச் 31-ல திரும்பப் போயிடுமா?" என்று கேட்டார். முப்பது வருட சர்வீஸ், கேள்வி சரியான இடத்தில் விழுகிறது. பி.டி.எஃப்.பில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். அதற்குப் பதில் சொல்லும் பத்தி அதில் இல்லை.