மாலைச் செய்தியைப் பிடித்துவைத்தவர்கள்

1968-இல் அமெரிக்காவில் மாலைச் செய்தி என்றால் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று நிறுவனங்கள்தான். வியட்நாம் போர் அந்நாட்டு வீடுகளுக்குள் வந்தது அவற்றின் அரைமணி நேரச் செய்தியறிக்கை வழியாகத்தான். அந்த வருடம் நியூயார்க் போயிருந்த பால் சிம்ப்சன் என்ற நாஷ்வில் நகரக் காப்பீட்டு அதிகாரி, பழைய செய்தியறிக்கை ஒன்றைப் பார்க்க என்ன வழி என்று அந்த நிறுவனங்களில் விசாரித்தார். வழி இல்லை. நாடா விலை அதிகம் என்பதால் சுமார் இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு அதன்மேலேயே புதியதைப் பதிந்துகொண்டிருந்தார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய நாளிதழை நூலகத்தில் புரட்டிப் பார்க்கலாம். போன மாதம் நாடே பார்த்த செய்தியைப் பார்க்க முடியாது.

செய்தி நிறுவனங்கள் ஒருபக்கமாகச் சாய்கின்றன என்பது சிம்ப்சனின் சந்தேகம். அதை நிரூபிக்கக் கையில் சாட்சி வேண்டும் என்று நினைத்தவர், ஊர் திரும்பி வாண்டர்பில்ட் பல்கலைக்கழக நூலகத்தாரிடம் பேசினார். ஆகஸ்ட் 5, மயாமி பீச்சில் குடியரசுக் கட்சி மாநாடு தொடங்கிய அன்று, பதிவு ஆரம்பமாயிற்று. நவம்பர் தேர்தல்வரை நடத்திப் பார்ப்போம் என்றுதான் முதலில் ஏற்பாடு. அரை நூற்றாண்டு கடந்தும் அது நிற்கவில்லை. சந்தேகத்தில் பிறந்த சேகரம் என்று சிலர் இன்னும் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. ஒளிபரப்பியவர்கள் தங்கள் சரக்கில் மறுபடி விற்கக்கூடியதைத்தான் பாதுகாப்பார்கள். பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரிலேயே தொண்ணூறுக்கு மேற்பட்ட பகுதிகள் இன்றைக்கும் கிடைக்கவில்லை. முழுவதையும் வைத்துக்கொள்ளும் பொறுமை வெளியாளுக்குத்தான் வருகிறது, அது கோபத்தினால் வந்தாலும்.

வாண்டர்பில்ட் பதிவுகளில் படத்தின்மேலேயே தேதி, நேரம், நிறுவனத்தின் பெயர் மூன்றும் எழுத்தாக ஓடும். பார்ப்பதற்கு உறுத்தல்தான். ஆனால் இது இன்ன நாளின் இன்ன நிமிடம் என்று யாரும் பிறகு வாதாட வேண்டியதில்லை. விளம்பரங்களையும் வெட்டவில்லை. போர்க்களத்துக்கும் வெள்ளை மாளிகைக்கும் இடையில் தலைவலி மாத்திரை வருகிறது, பல்செட்டைச் சுத்தம் செய்யும் மாத்திரை வருகிறது. யாரை மனத்தில் வைத்து அந்தச் செய்தி தயாரானது என்பதை விளம்பரம்தான் பச்சையாகச் சொல்கிறது. சமூக வரலாறு எழுதுகிறவர்களுக்கு அது பெரும் புதையல்.

இந்தச் சேகரத்தைப் பிழைக்கவைத்தது ஒரு வழக்கு. நாடாக்களைப் படியெடுத்துக் கட்டணத்துக்கு வெளியூருக்கு இரவல் அனுப்புவது பதிப்புரிமை மீறல் என்று 1973 டிசம்பரில் சிபிஎஸ் நீதிமன்றம் போனது. தீர்ப்புக்கு முன்பே சட்டம் மாறிவிட்டது. டென்னசி மாநிலத்துச் செனட்டர் ஹோவர்ட் பேக்கர் முயன்று, 1976 பதிப்புரிமைச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்க்கவைத்தார்: காட்சியும் ஒலியும் சேர்ந்த செய்தி நிகழ்ச்சிகளை நூலகங்கள் படியெடுத்து, அளவான எண்ணிக்கையில் இரவல் தரலாம். சிபிஎஸ் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ஒற்றை வாசகம்தான் சேகரத்தின் உருவத்தையும் தீர்மானித்தது. நாடகமும் வேடிக்கை நிகழ்ச்சியும் அதில் அடங்கா. வெறும் ஒலியாக வந்த வானொலிச் செய்தியும் அடங்காது.

வானொலிச் செய்தி அதற்கு முன்பும் தற்செயலை நம்பித்தான் பிழைத்தது. சியாட்டில் நகரம் நியூயார்க்குக்கு மூன்று மணி நேரம் பின்தங்கியது. அங்கே சிபிஎஸ் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பிய கைரோ நிலையம், உள்ளூர் நேரத்துக்குத் தோதாகத் தள்ளிப்போட்டு ஒலிபரப்புவதற்காக அவற்றை இசைத்தட்டில் பதிந்தது. அந்த வேலை முடிந்ததும் தட்டுகள் கிடங்குக்குப் போயின. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த மைலோ ரையன் கையில் அவை பிற்பாடு சிக்கியபோது, குண்டுவீச்சுக்கு நடுவே லண்டனிலிருந்து பேசிய எட்வர்ட் மரோ உட்பட, இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் குரல்கள் அவற்றில் இருந்தன. அவர் தயாரித்த அட்டவணை 1963-இல் புத்தகமாக வந்தது. சேமிக்க வேண்டும் என்று யாரும் பதியவில்லை. நேர வித்தியாசம் பதியவைத்தது.

பதிந்தால் மட்டும் போதாது என்பதையும் வாண்டர்பில்ட் சீக்கிரமே கண்டுகொண்டது. 1972 முதல் மாதாமாதம் செய்திச் சுருக்கங்களும் அடைவும் அச்சாகி நூலகங்களுக்குப் போயின: எந்தச் செய்தி, எத்தனை மணிக்கு ஆரம்பித்து எப்போது முடிந்தது, செய்தியாளர் எங்கிருந்து பேசினார், அடுத்து என்ன விளம்பரம். நாஷ்வில்லுக்குப் போக முடியாத ஆய்வாளர்கள் பல வருடம் நாடாவைப் பார்க்காமல் சுருக்கத்தை எண்ணியே கட்டுரை எழுதினார்கள். இதில் ஆபத்து இருக்கிறது. எதைப் பற்றிப் பேசினார்கள் என்பது சுருக்கத்தில் ஏறிவிடும். எப்படிப் பேசினார்கள் என்பது ஏறாது. 2002-இல் ஸ்காட் ஆல்த்தவுஸும் உடன் இருவரும் சுருக்கங்களை அக்கறையோடு சோதித்து, அவற்றை எதற்கு நம்பலாம், எங்கே வழுக்கும் என்று தனிக் கட்டுரையே எழுத வேண்டி வந்தது.

லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வேறு திசையில் போனது. வாட்டர்கேட் விசாரணை நடந்த 1973-இல் தகவல் தொடர்பியல் பேராசிரியர் பால் ரோசெந்தல் தொடங்கிய சேகரம் அது. இப்போது இரண்டு லட்சம் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பிடித்ததில் சுருக்கம் எழுதும் வேலையே குறைந்துபோயிற்று. சொல்லைத் தட்டினால் அது ஒலித்த நொடி வந்து நிற்கிறது. பேசும்போது கை எப்படி அசைகிறது என்று மொழியியலாளர்கள் அங்கே ஆராய்கிறார்கள். சிம்ப்சன் கனவிலும் எண்ணியிராத பயன் இது. பர்டூ பல்கலைக்கழகத்தில் 1987-இல் ஆரம்பித்த சி-ஸ்பான் காப்பகம் அமெரிக்க நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் பிடித்துவைக்கிறது. அங்கே ஒளிபரப்பின் உரிமையாளரான சி-ஸ்பான் நிறுவனமே கூட்டாளி என்பதால் சண்டையில்லை.

பிரிட்டன் சண்டைக்கே இடம் வைக்கவில்லை. 1988 பதிப்புரிமைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, உரிமம் பெற்ற கல்வி நிலையங்கள் எந்த ஒளிபரப்பையும் பதிந்துகொள்ள அனுமதிக்கிறது. அதன் மேல் எழுந்த 'பாக்ஸ் ஆஃப் பிராட்காஸ்ட்ஸ்' சேவையில் நாடகம், ஆவணப்படம், வானொலி எல்லாம் சேர்ந்து இருபது லட்சத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் மாணவர்களுக்குக் கிடைக்கின்றன. பிரான்சில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம், புத்தகத்தைப் போலவே ஒளிபரப்பையும் அரசுக் காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது.

இந்தியாவில் 1954-இன் நூல் ஒப்படைப்புச் சட்டம் ஒளிபரப்பைத் தொடவே இல்லை. ஆனால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, உண்மையான கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் மட்டும் என்று ஒளிபரப்பைப் பதிந்துகொண்டால் ஒளிபரப்பாளரின் உரிமை மீறப்படாது என்கிறது. அதற்குள் ஓடும் பாட்டுக்கும் படத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு. அந்தச் சிக்கல் தனி. செய்தியில் அது குறைவு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நாலைந்து சேனல்களின் இரவுச் செய்தியைப் பதிவதென்று முடிவெடுத்தால், கருவிக்கும் வட்டுக்கும் ஆகும் செலவு இன்று பெரிதல்ல. பட்ஜெட்டில் ஒவ்வொரு வருடமும் வாதாட வேண்டியிருப்பது, ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் பிழையில்லாமல் தினமும் அடைவு எழுதுகிற இரண்டு பேரின் சம்பளத்துக்காகத்தான்.