நாடு சொல்ல வந்த பெண்

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹால், அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடி என்று எங்காவது இது நடக்கும். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி புரொஜெக்டர் பக்கத்தில் நின்று தன் நாட்டைப் பற்றிப் பேசுவாள். பரிமாற்றத் திட்டத்தில் வந்து, ஒரு பள்ளி ஆண்டு இங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிப்பவள். கோட்டு நிறைய பின் குத்தியிருந்தால் பெரும்பாலும் ரோட்டரிப் பிள்ளை; மற்ற நாட்டுப் பிள்ளைகளிடம் மாற்றிக்கொண்ட பின்கள் அவை. ஏ.எஃப்.எஸ். வழியாகவும் வருவார்கள். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பு அது. இரண்டாம் போர் முடிந்த பிறகு, 1947இல், பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்ப ஆரம்பித்தது.

முதல் பத்து நிமிடம் கொடி, வரைபடம், மக்கள்தொகை, நாணயம். பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் கைப்பேசியில் எடுத்த படங்கள் வரும்போது நிமிர்ந்து உட்காருங்கள். சமையலறை, பஸ் நிறுத்தம், செருப்பு விடும் இடம். இவற்றுக்கு விளக்கம் வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது. சரக்கு அங்கேதான் இருக்கிறது.

பின்லாந்துப் பெண் என்று வைத்துக்கொள்வோம். "பதினோரு மணிக்கு ஸ்கூலில் சாப்பாடு" என்று ஒரு வரியில் தாண்டிவிடுவாள். விடாதீர்கள், காசு யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் கொடுப்பதில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் அதே தட்டு, 1948 முதல். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920இலேயே தியாகராய செட்டியார் காலத்தில் மதிய உணவு போட்ட கதையை அப்போது நீங்கள் சொல்லலாம். அவர் பெயரில்தான் நம் தி.நகரே இருக்கிறது. இப்படிப் பேச்சு இரண்டு பக்கமும் ஓடினால்தான் சுவை.

அடுத்த படத்தில் அவள் குளிர்கால மேல்கோட்டின் ஓரத்தில் சின்னதாக ஏதோ தொங்கும். சாவிக்கொத்து என்று நினைத்துவிட வேண்டாம். டிசம்பரில் ஹெல்சின்கியில் சூரியன் வருவது காலை ஒன்பதுக்கு மேல், போவது மாலை மூன்றே கால் வாக்கில். பள்ளிக்குப் போவதும் வருவதும் இருட்டில் என்றால், கார்க்காரர் கண்ணில் பட வேண்டாமா? விளக்கு வெளிச்சம் பட்டதும் மின்னும் வில்லை அது. இருட்டில் நடப்பவர்கள் அதை அணிந்துகொள்வார்கள். அந்த ஊர்க் குளிரை இதைவிட நன்றாக எந்தப் பனிமலைப் படமும் சொல்லாது.

ஜப்பான் பெண்ணானால், வகுப்பறையைப் பெருக்குவது யார் என்று கேளுங்கள். ஜெர்மன் பெண்ணானால், முதல் நாள் பள்ளிக்குத் தூக்கிப்போன பெரிய காகிதக் கூம்பையும் அதில் இருந்த மிட்டாயையும் பற்றிக் கேளுங்கள். விஜயதசமியன்று அரிசியில் எழுதிய நமக்கு அது உடனே பிடிபடும்.

நம்மவர்கள் கேட்பது வேறு: "இந்தியா பிடிச்சிருக்கா? இட்லி சாப்பிடுவியா? எங்கே, தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லு!" நாடு சொல்ல வந்தவளை வணக்கம் ஒப்பிக்க வைத்துக் கைதட்டுவது எனக்கு ஆகாது. அவளும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறாள், பாவம்.

முடிந்தால் அதே பெண்ணின் பேச்சை இரண்டு முறை கேளுங்கள். வந்த புதிதில் நாட்டின் பெருமையைச் சொல்வாள். மார்கழியும் பங்குனித் தேரும் பார்த்து, ரங்கநாதன் தெருவில் இடிபட்டு, தங்கியிருக்கும் வீட்டு அம்மாவிடம் திட்டும் வாங்கிய பிறகு கேட்டால், "எங்கள் வீட்டிலிருந்து பள்ளி, லஸ்ஸிலிருந்து மந்தைவெளி தூரம்" என்பாள். இந்த இரண்டாவது பேச்சைத்தான் நான் தேடிப் போவேன்.

அடுத்த முறை உங்கள் குடியிருப்பில் அறிவிப்பு ஒட்டினால், வீட்டில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளையையும் கூட்டிப்போங்கள். ரோட்டரி பரிமாற்றத்துக்கான வயது 15 முதல் 19 வரை.