இர்வின் ஜாக்கெட்: கம்பளியின் வலிமையும் தோலின் தளர்வும்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 264 ஆகிய ஸ்குவாட்ரன்கள் ‘மதராஸ் மாகாணம்’ என்ற பெயரைச் சுமந்து பறந்தன. ஆனால் வானத்தில் அவற்றின் விமானிகளைச் சூழ்ந்தது மதராஸ் வெயில் அல்ல. தரையில் 15 டிகிரி இருக்கும் நாளில் 25,000 அடி உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 34 வரை இறங்கும். அந்தக் குளிரைப் பெரும்பாலும் உடுப்புதான் தடுத்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு செம்மறித்தோல் ஜாக்கெட் மீது விழுந்தது.

பிரிட்டிஷ் படைக்கு அதை வடிவமைத்தவர் லெஸ்லி இர்வின் என்ற அமெரிக்கர். 1919-இல் விமானத்திலிருந்து குதித்து, கீழே விழும்போதே கையால் பாராசூட்டை விரித்துக் காட்டியவர். 1926-இல் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில் தொழிற்சாலை தொடங்கினார். 1930-களின் தொடக்கத்தில் ஜாக்கெட் வந்தது. கம்பளி உள்ளே, சதைப்புறம் வெளியே. தனி உள்துணி தேவையில்லை. காற்றைத் தடுக்கும் தோலும் உடற்சூட்டைப் பிடித்துவைக்கும் கம்பளியும் ஒரே பொருள். அகலக் காலர், இடுப்பில் பெல்ட், கைகளில் ஜிப். வெளிப்புறத்தில் பை கிடையாது. வார்ப்பட்டைகளால் இருக்கையோடு கட்டுண்டவருக்குப் பை பயன்படாது. அதற்காகத் தோலில் இன்னொரு தையல் போடாதது நல்ல முடிவு.

ஏனென்றால் அந்தத் தோல் தையலை எளிதில் தாங்காது. அடர்ந்த கம்பளி வளர வேண்டுமானால் தோலில் மயிர்க்கால்களும் கொழுப்புச் சுரப்பிகளும் நெருக்கமாக இருக்க வேண்டும். பதனிடும்போது அந்தக் கொழுப்பை நீக்கியதும் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் நடுவே வெற்றிடம் விழுகிறது. தோல் தளர்ந்து, எளிதில் கிழியும். சேலம் பக்கத்து மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி இல்லை, முடிதான். அதன் தோல் இறுக்கமானது என்பதால்தான் தோல் வியாபாரிகள் அதை விரும்புகிறார்கள். மகாராஷ்டிரத்தின் புனே மாவட்டத்தில் தங்கர் மேய்ப்பர்கள் ஓட்டிச் செல்லும் தக்காணி ஆடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கம்பளி உண்டு, ஆனால் முரடு, அடர்த்தி குறைவு. அதைக் கத்தரித்துக் கொங்கடிப் போர்வை நெய்கிறார்கள். தோலுக்கு அங்கே வேலையில்லை. ஆடு உயிரோடு இருக்கிறது. இர்வின் ஜாக்கெட்டில் இந்தப் பிரிவினைக்கு வழியில்லை. கதகதப்பைக் கொடுக்கும் கம்பளிதான் தோலைப் பலவீனப்படுத்துகிறது.

இந்தச் சிக்கலுக்கான விடை தையலில் இருக்கிறது. துண்டுகளை இணைத்தபின் இணைப்பின் மேல் ஒரு தோல்பட்டியை வைத்து இரு ஓரங்களிலும் தைத்தார்கள். இழுவிசையைத் துளைபட்ட செம்மறித்தோலோடு சேர்ந்து பட்டியும் ஏற்கிறது. தொடக்கத்தில் முதுகும் கைகளும் பெரிய துண்டுகளால் ஆனவை. போர் நீளநீள, சிறு துண்டுகளையும் வீணாக்காமல் சேர்த்தார்கள். இன்றைய சேகரிப்பாளர்கள் பலர் துண்டு குறைந்த பழைய ஜாக்கெட்டையே உயர்வாக மதிக்கிறார்கள். அந்த மதிப்பீடு முழுச் சரியல்ல. துண்டு கூடினால் துளைகளும் கூடும் என்பது உண்மை. ஆனால் வயிற்றுப் பக்கத்து மெல்லிய தோலை ஒதுக்கி உறுதியான பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் அது தருகிறது. பட்டி நன்றாக இருந்தால் ஒட்டுப்போட்டது ஒரு குறையே அல்ல.

உண்மையான குறை பூச்சில். 1934-இல் அமெரிக்கப் படை ஏற்ற இதே வகைச் செம்மறித்தோல் ஜாக்கெட்டான பி-3-இன் சதைப்புறத்தில் கரும்பழுப்பு நிறமிப் பூச்சு ஏற்றினார்கள். ஈரமும் எண்ணெயும் உடனே உள்ளே இறங்காமல் அது காக்கிறது. ஆனால் தோல் மடங்கும், பூச்சு மடங்காது. முழங்கையிலும் தோளிலும் அது வெடித்து உதிர்கிறது. அந்த விரிசல் வழியாகவே ஈரம் இறங்குகிறது. இன்று நகல் தயாரிப்பாளர்கள் சிலர் அந்த விரிசலையே அழகென்று புதுத் தோலில் வரவழைக்கிறார்கள். பழுதைப் போலி செய்வது கைவினைக்குச் செய்யும் அநீதி.

பருமன் இன்னொரு தொல்லை. குறுகிய விமான இருக்கையில் தோளைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது உயிர்ப்பிரச்சினை. 1943-இல் அமெரிக்கப் படை துணியாலான பி-10-க்கு மாறியது; அதன் உள்ளே அல்பாக்காக் கம்பளி. 1942-இல் இந்தியா வந்த 79-ஆம் ஸ்குவாட்ரன் பர்மா போர்முனையில் சந்தித்ததோ புழுக்கமும் மழையும்.

டிசம்பர் விடியலில் புனேயை ஒட்டிய வாகட்டிலிருந்து லோணாவளா மலைப்பகுதி நோக்கி பைக்கில் கிளம்புபவருக்கு இந்த ஜாக்கெட் தேவைக்கு மேல். ஜூன் மழையில் அலமாரியில் பூத்துப்போகும். அப்படியும் ஆசைப்பட்டு வாங்குபவர் நிறத்தைப் பார்க்கும் முன் தோள் இணைப்பைத் திருப்பிப் பார்க்கலாம்: பட்டி இரு ஓரமும் தைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது ஒட்டியிருக்கிறதா என்று.