மாமியார் இல்லாத பட்ஜெட்

பணம் சேர்ப்பது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்களில் ஒரு மர்மம் கவனித்திருக்கிறீர்களா? அவற்றில் மாமியார் வருவதே இல்லை. மச்சினன் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பாளத்தில் பத்திரிகை வைத்து நீட்டி, 'குடும்பத்தோட முதல் நாளே வந்துடணும்' என்று சிரித்து, உங்கள் மாத பட்ஜெட்டைக் கவிழ்த்துவிட்டுப் போகும் ஒன்றுவிட்ட சித்தப்பா வருவதில்லை. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், நடுவே நீங்கள் மட்டும் பிரம்மச்சாரி மாதிரி நிற்கிறீர்கள்.

ராபர்ட் கியோசாகியின் 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை' புத்தகத்தில் இரண்டு அப்பாக்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்கு அதிக வேலையில்லை. ஜார்ஜ் கிளேசன் 1926-ல் போட்ட பாபிலோன் புத்தகம், சம்பாதிப்பதில் பத்தில் ஒரு பங்கை முதலில் எடுத்து ஒதுக்கு என்கிறது. நல்ல யோசனைதான். தமிழில் சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்', பங்குச்சந்தை என்றாலே சூதாட்டம் என்று ஒதுங்கி நின்ற நடுத்தர வர்க்கத்தைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனது. அந்த எளிமைக்கு நன்றி சொல்ல வேண்டும். தலைப்பைப் பார்த்து மயங்காமல் உள்ளே படித்தால் எச்சரிக்கைகளும் இருக்கின்றன. ஆனால் இந்தப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை உண்டு. பணம் என்பது உங்களுக்கும் உங்கள் புத்திக்கும் நடுவே உள்ள விவகாரம் என்பது. நம் வீடுகளில் அது அப்படியா?

ஏற்காட்டில் எனக்கு ஒரு நண்பர். அப்பா காலத்துச் சின்ன காபித் தோட்டம். நிறையப் படிப்பார். மே மாதத்துக் கோடை விழாக் கூட்டம் சேலத்துக்கு இறங்கிய பிறகு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய் அவரோடு உட்கார்ந்தால் மூன்று விஷயம் பேசுவோம். படித்த புத்தகம், வீட்டு சமாசாரம், பணம். இந்த வரிசையில்தான் ஆரம்பிப்போம். பத்து நிமிஷத்தில் மூன்றும் டிகாக்‌ஷனும் பாலும் மாதிரி கலந்துவிடும்.

"ஆறு மாசச் செலவை அவசரத்துக்குத் தனியா வெச்சுக்கணும்னு போட்டிருக்கான் சார். எனக்கு வரவே வருஷத்துக்கு ஒரு தடவைதானே!" என்றார்.

நியாயம்தான். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் காபி பூக்கும். பூ, பழமாகிச் சிவக்க எட்டு, ஒன்பது மாதம். கூலி அதுவரை காத்திருக்காது. நிழல் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றி வைத்திருப்பதால் நடுவில் மூச்சு விடலாம், அவ்வளவுதான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தார். அப்போதிலிருந்து இங்கே குடும்பக் கணக்கு என்பது வானத்தைப் பார்த்துத்தான். ரொம்ப காலம் விளைந்ததைக் காபி போர்டிடம் கொடுத்துவிட்டு, தவணை தவணையாக வரும் பணத்துக்குக் காத்திருந்தார்கள். அந்தப் பிடி 1990-களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, 1996-ல் முழுசாகப் போயிற்று. யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். சுதந்திரம் வந்த அதே கதவு வழியாக நியூயார்க் விலையும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 1994-ல் பிரேசிலில் உறைபனி விழுந்ததும் விலை எகிறியது. 2001-ல் அரபிகா பவுண்டுக்கு 50 சென்டுக்கும் கீழே விழுந்தது. 2025 பிப்ரவரியில் 4 டாலரைத் தாண்டியது. இதற்கு எந்த எக்ஸெல் ஷீட்டில் கட்டம் போடுவது?

நண்பர் தன் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் செய்தது அந்த 2001-ல். 'ரெண்டு வருஷம் பொறுத்திருக்கலாம்' என்று அவர் இழுத்தபோது, உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "நியூயார்க்குல விலை ஏறினப்புறம் வாங்கன்னு மாப்பிள்ளை வீட்ல சொல்ல முடியுமா?" தனிநபர் நிதி நிர்வாகம் பற்றி நான் கேட்ட மிகச் சுருக்கமான விமர்சனம் இதுதான். பணத்துக்கு ஒரு காலண்டர், குடும்பத்துக்கு வேறு காலண்டர். இரண்டும் மோதும் இடம் நிபுணர்களின் புத்தகத்தில் கிடையாது. கதைகளில் இருக்கிறது.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' (1943) எல்லாருக்கும் தெரிந்த கதை. கடவுள் பூலோகம் வந்து கந்தசாமிப் பிள்ளையோடு காபி சாப்பிடுகிறார், நையாண்டி, தத்துவம் என்றெல்லாம் பேசுகிறோம். அது எப்படி ஆரம்பிக்கிறது என்று திரும்பப் பாருங்கள். ஒரு பட்ஜெட்டோடு! எஸ்பிளனேட் பக்கம் நிற்கும் பிள்ளைக்குத் திருவல்லிக்கேணி போக வேண்டும். டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை போடலாம். பஸ்ஸில் கண்டக்டரைக் கொஞ்சம் ஏமாற்றி டிக்கெட் வாங்கினால் அரை கப் காபி கிடைக்கும், ஆனால் வெற்றிலை போச்சு. இந்த மாபெரும் நிதிச் சிக்கலின் நடுவில்தான் கடவுளே வழி கேட்டுக்கொண்டு வருகிறார். பின்னால் ஹோட்டலில் மூன்றணா பில்லுக்குக் கடவுள் 100 ரூபாய் நோட்டை நீட்டுவதும், பிள்ளை தன் வைத்தியப் பத்திரிகைக்கு அவரிடம் 25 ரூபாய் ஆயுள் சந்தா வாங்குவதும் வெறும் தமாஷ் இல்லை. கடவுளே வந்தாலும் வீட்டுக்காரர் முதலில் சில்லறையைத்தான் எண்ணுவார். எண்ணித்தான் ஆக வேண்டும். அந்தக் காபியில் சிக்கரி கலந்திருப்பதையும் புதுமைப்பித்தன் விடவில்லை. ஏற்காட்டு நண்பருக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். தோட்டக்காரர்களுக்குச் சிக்கரி என்றால் பரம்பரைப் பகை.

பணம் இல்லாத கஷ்டத்தை எழுதுவது ஒரு விதத்தில் சுலபம். பணம் வந்த பிறகு வீட்டுக்கு என்ன ஆகிறது என்று எழுதுவது கடினம். கன்னடத்தில் விவேக் ஷான்பாக் எழுதிய 'காச்சர் கோச்சர்' அதைச் செய்கிறது. தமிழிலும் வந்திருக்கிறது, ஒரே மூச்சில் படிக்கக்கூடிய குறுநாவல். விற்பனைப் பிரதிநிதியாக இருந்த அப்பா வேலையை விட்டதும், சித்தப்பா ஆரம்பிக்கும் மசாலாப்பொடி வியாபாரம் ஓஹோ என்று ஓடுகிறது. சின்ன வீட்டில் எறும்புகளோடு போராடி ஒட்டிக்கொண்டிருந்த குடும்பம் பெரிய வீட்டுக்குப் போகிறது. இனி யாரும் யாரையும் கணக்குக் கேட்பதில்லை. வேறு விஷயங்களையும் கேட்பதில்லை. கடைசிப் பக்கத்தில் முதுகு சில்லிடும்.

இதற்கு 20 வருஷத்துக்கு மேல் முந்தியது பெருமாள்முருகனின் முதல் நாவல் 'ஏறுவெயில்' (1991). மலையிலிருந்து இறங்கி அடுத்த சீமைக்குப் போனால் அந்தக் கதையின் மண். வீட்டு வசதிக் காலனிக்காக ஒரு விவசாயக் குடும்பத்தின் நிலம் போகிறது. நஷ்ட ஈடு வருகிறது. நிலம் இருந்தவரை ஒன்றாக இருந்தவர்கள் ரொக்கமாக மாறியதும் பங்காளிகளாகிவிடுகிறார்கள். முதல் நாவலுக்குரிய அவசரம் சில பக்கங்களில் தெரியும். இருந்தாலும் இன்றைக்கு பைபாஸ் ரோட்டுக்கு நிலம் கொடுத்த எந்தக் குடும்பத்துக்கும் இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். செக்கை வங்கியில் போடுவதற்கு முன்னால்.

தோட்டக்காரர் கணக்கைப் பற்றிச் சொன்னால், அதே தோட்டத்தில் கூடை சுமப்பவர் கணக்கையும் பார்க்க வேண்டும். சேர்வராயன் மலையில் காலங்காலமாக இருக்கும் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளம் இல்லை, தமிழ்தான் பேசுகிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் ஐதீகம். அவர்களில் பலருக்குத் தோட்டக் கூலிதான் வரவு. தோட்டக் கூலிக் கணக்கு எப்படி ஒரு பொறியாக மாறும் என்பதைத் தெரிந்துகொள்ள இன்னொரு மலைக்கு, ஆனைமலைத் தேயிலைக்குப் போக வேண்டும். அங்கே டாக்டராக வேலை பார்த்த பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். ஒரு வருஷத்தில் காசு சேர்த்துத் திரும்பிவிடலாம் என்பது திட்டம். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன் அப்படியே நிற்கிறது. இந்தப் புத்தகத்தை இலக்கிய நயத்துக்காகப் படிக்காதீர்கள். டாக்டர் எழுதிய கேஸ் ஷீட் மாதிரிதான் இருக்கும். ஆனால் கூட்டு வட்டியைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கியதில்லை, அதுவும் அந்த வார்த்தையைச் சொல்லாமல்.

நம் கதைகள் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. கடன் தெரிகிறது, வரதட்சணை தெரிகிறது, சொத்துத் தகராறு நன்றாகவே தெரிகிறது. சேமிப்பு தெரிவதில்லை. அதாவது கடுகு டப்பா, அரிசிப் பானை, பழைய பட்டுப்புடவை மடிப்பு ஆகிய நம் தேசிய வங்கிகள். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்ததும், எத்தனை பெண்கள் புருஷனுக்குத் தெரியாமல் வைத்திருந்ததை எடுத்து மேஜைமேல் வைக்க வேண்டி வந்தது! 'இவ்வளவா?' என்று அவர் வாயைப் பிளந்தாரா, 'ஏன் சொல்லலை?' என்று கத்தினாரா, மறுபடி அந்தப் பணம் அவள் கைக்குத் திரும்பியதா? ஒரு முழு நாவலுக்கான சமாசாரம். பத்தாயிரம் ரூபாயை எதற்காக ஒளித்து வைத்தாள் என்பதிலேயே ஒரு தாம்பத்தியத்தின் சரித்திரம் இருக்கிறது. யாராவது எழுதினால், முதல் பிரதியை நான் காசு கொடுத்தே வாங்குகிறேன்.

அதுவரை கந்தசாமிப் பிள்ளையில் ஆரம்பியுங்கள். புதுமைப்பித்தன் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்தில் செலவில்லாமல் கிடைக்கிறது. மிச்சமாகும் காசில் ஒரு நல்ல காபி சாப்பிடலாம், சிக்கரி இல்லாமல்.