கிளியின் உயிரும் நிலக்கடலை மூட்டையும்

2022 ஜூலையில் மைசூரில் வாழும் எழுத்தாளர் தேவனூரு மகாதேவ கன்னடத்தில் ஒரு குறுநூல் எழுதினார். நூறு பக்கம்கூட இல்லாத நூல், விலை 40 ரூபாய். 'ஆர்.எஸ்.எஸ். ஆள மத்து அகல' (ஆர்.எஸ்.எஸ்.: ஆழமும் அகலமும்) என்பது தலைப்பு. ராயல்டி வேண்டாம் என்று எழுத்தாளர் சொல்லிவிட்டார். ஒரே நேரத்தில் பல பதிப்பகங்கள் அச்சிட்டன. பதிப்புத் தொழிலோடு சம்பந்தமில்லாத சிறு குழுக்களும் கைக்காசு போட்டு அச்சடித்து விற்றன. சில வாரங்களில் பிரதிகள் லட்சத்தைத் தாண்டின. அடுத்து தமிழ் உட்படப் பல மொழிகளிலும் நூல் வந்தது. அண்மைக் காலத்தில் தென்னிந்திய இடதுசாரி அரசியல் எழுத்து இவ்வளவு தூரம் போனதற்கு இன்னொரு உதாரணம் சொல்வது கடினம். அதனால்தான் இந்த எழுத்துமுறையின் பலம் எது, குறை எது என்று பார்க்க இதைவிட நல்ல இடமும் இல்லை.

முதலில் பலத்தைச் சொல்ல வேண்டும். தமிழ் வாசகருக்கு இந்த வழி புதிதல்ல. 1925இல் ஈரோட்டில் தொடங்கிய 'குடி அரசு' காலத்திலிருந்து மலிவு விலை வெளியீடுகள் நம் அரசியலை வளர்த்திருக்கின்றன. 1931இலேயே கம்யூனிஸ்ட் அறிக்கை அந்த இதழில் தமிழில் வந்தது. ஆனால் அங்கே அச்சகமும் இயக்கமும் ஒரே கையில் இருந்தன. மகாதேவ செய்தது வேறு. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று விட்டபோது நூலுக்கு உரிமையாளர் இல்லாமல் போனார். தடை செய்ய நினைத்தாலும் எந்தக் கிடங்கைப் பூட்டுவது என்று தெரியாது. அதைவிட முக்கியமானது, அச்சிட்டவர்கள் விற்றே ஆக வேண்டியிருந்தது. கல்லூரி வாசலிலும் டீக்கடையிலும் கூட்டம் முடிந்த மண்டபத்திலும் ஒரு பிரதியை நீட்டுகிற ஒவ்வொருவரும் அந்த நூலைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டிவந்தது.

அந்த நேரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதே ஆண்டு கர்நாடகத்தில் ஹிஜாப் பிரச்சினை கல்லூரிகளைப் பிளந்தது. பள்ளிப் பாடநூல் திருத்தம் பெரிய சர்ச்சையானது. பத்தாம் வகுப்புக் கன்னடப் பாடநூலில் இருந்த தன் பாடத்துக்கான அனுமதியை மகாதேவ திரும்பப் பெற்றுக்கொண்டார். 2015இல் பத்மஸ்ரீயையும் சாகித்ய அகாதெமி விருதையும் திருப்பிக் கொடுத்தவர் அவர். ஆகஸ்ட் 2015இல் தார்வாடில் கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கியும், செப்டம்பர் 2017இல் பெங்களூரில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷும் தங்கள் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். கௌரி வழக்கை விசாரித்த போலீஸ், மைசூர்க்காரரான எழுத்தாளர் கே.எஸ். பகவானும் கொலைப் பட்டியலில் இருந்ததைக் கண்டறிந்தது. இப்படிப்பட்ட காலத்தில் முகப்பில் தன் பெயரைப் போட்டு இந்த நூலை வெளியிட நெஞ்சுரம் வேண்டும். இனி நான் சொல்லப் போகும் எந்தக் குறையும் இந்த நெஞ்சுரத்தைக் குறைத்து மதிப்பிடுவது ஆகாது.

மைசூரில் இந்த அரசியல் எழுத்து மரபு கட்சி அலுவலகத்தில் பிறக்கவில்லை. 1973இல் இந்த ஊரில்தான் தலித் அமைச்சர் பி. பசவலிங்கப்பா, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி மாட்டுக்கு வைக்கும் பூசா என்று பேசினார். மாநிலம் கொந்தளித்தது. தலித் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள், அவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. அந்த அடியிலிருந்துதான் தலித் சங்கர்ஷ சமிதி எழுந்தது. விடுதி அறைகளில் தங்கிப் படித்த இளைஞர்கள் 'பஞ்சமா' இதழை நடத்தினார்கள், மகாதேவ அவர்களில் ஒருவர். தார்வாடில் 1972இல் ராஜசேகர கோட்டி தொடங்கிய 'ஆந்தோலன' நாளிதழ் மைசூருக்கு இடம்பெயர்ந்து, இந்தக் குரல்களுக்கு நாள்தோறும் இடம் கொடுத்தது. இங்கே அரசியல் விமரிசனம் அனுபவத்தின் சூட்டிலிருந்து பிறந்தது. புத்தகத்தைப் படித்துவிட்டு எழுந்த கோபம் அல்ல அது.

குறுநூலில் என்னை நெருடுவது இங்கேதான் தொடங்குகிறது. மகாதேவ அதை ஒரு நாட்டுப்புறக் கதையோடு ஆரம்பிக்கிறார். ஊரையெல்லாம் கொடுமைப்படுத்தும் மந்திரவாதியை யாராலும் கொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவன் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு குகைக்குள் கிளியிடம் இருக்கிறது. ஆர்.எஸ்.எஸ். என்ற சங்கத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் நூலின் வேலை. கோல்வல்கர், சாவர்க்கர் எழுத்துகளில் அவர் அதைக் கண்டுபிடித்துக் காட்டுகிறார். நம் ஊர்ப் பாட்டிகளும் சொன்ன கதைதான் இது. படிக்காதவரிடம்கூட வாய்மொழியாகவே நூலின் சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அபாரமான உத்தி.

ஆனால் அந்தக் கதை வாசகரின் மனத்தில் ஒரு நம்பிக்கையையும் விதைக்கிறது. அதிகாரத்துக்கு ஓர் ஒளிவிடம் உண்டு, அதைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை அது. சங்கத்தின் பலம் பழைய நூல்களில் மட்டும் பதுங்கியிருக்கவில்லை. சங்கத் தலைவராக 2018 செப்டம்பரில் டெல்லியில் பேசிய மோகன் பாகவத், தமிழில் 'ஞானகங்கை' என்று வந்த கோல்வல்கர் நூலில் உள்ள சில கருத்துகள் அந்தந்தக் காலச் சூழலுக்கானவை, நிலையானவை அல்ல என்று சொன்னார். அவர் மனமாரச் சொன்னாரா என்பது வேறு விஷயம். அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போக அந்த அமைப்பால் முடிகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. மேற்கோளால் பிடிக்க நினைத்த உயிர் மேற்கோளைக் கழற்றிப் போட்டுவிட்டு நடக்கிறது. ஷாகா எப்படி நடக்கிறது, பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது, வெள்ளம் வந்தால் சோற்றுப் பொட்டலம் யார் கொண்டுவருகிறார்கள், பிற்படுத்தப்பட்ட சாதி இளைஞனுக்கு அங்கே என்ன மரியாதை கிடைக்கிறது என்ற நடப்புக் கேள்விகள்தான் பதிலுக்குக் காத்திருக்கின்றன.

அமெரிக்க இடதுசாரிப் பத்திரிகையாளர் ஐ.எஃப். ஸ்டோனை இந்த இடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. 1953 முதல் 1971 வரை கிட்டத்தட்ட தனியாளாக ஒரு வார இதழை நடத்தினார். கணக்கு வழக்கை மனைவி எஸ்தர் பார்த்துக்கொண்டார். ஐயாயிரம் சந்தாக்களில் தொடங்கி எழுபதாயிரம் வரை போனது. கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த மெக்கார்த்தி காலத்தில் அஞ்சி ஒடுங்கிக் கிடந்த ஊரில் அவர் தேர்ந்த வழி, அரசின் சொந்த ஆவணங்களைப் பொறுமையாகப் படிப்பது. 1957 செப்டம்பரில் நெவாடாவில் நடந்த நிலத்தடி அணுகுண்டுச் சோதனையின் அதிர்வை 200 மைலுக்கு அப்பால் உணர முடியாது என்று அணுசக்தி ஆணையம் பின்னர் அறிவித்தது. கண்டறிய முடியாத சோதனையைத் தடுக்கவும் முடியாது என்று சொல்லி, அணுச் சோதனைத் தடை ஒப்பந்தமே வேண்டாம் என்பவர்களுக்கு அது வசதியான அறிவிப்பு. ஸ்டோன் அரசின் நிலநடுக்க ஆய்வுத் துறைக்கே போய்ப் பதிவுகளைக் கேட்டார். 2,600 மைல் தொலைவில் அலாஸ்காவிலும் அதிர்வு பதிவாகியிருந்தது. ஆணையம் தன் அறிக்கையைத் திருத்த வேண்டிவந்தது. அவரோடு கொள்கையில் உடன்படாதவர்கூட அந்த எண்ணை மறுக்க முடியவில்லை. ஏற்கெனவே நம் பக்கம் நிற்பவரை உறுதிப்படுத்தும் எழுத்துக்கும் எதிர்ப்பக்கம் நிற்பவரையும் நின்று யோசிக்க வைக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம் இது.

அந்தத் தூரத்தைக் கடக்க மகாதேவவுக்கு அமெரிக்கர் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய 'ஒடலாள' குறுநாவலையே எடுத்துக்கொள்ளலாம். தமிழில் பாவண்ணன் 'பசித்தவர்கள்' என்று தந்தது. காணாமல் போன சேவலைத் தேடி அலையும் கிழவி சாகவ்வா. திருடி வந்த நிலக்கடலை மூட்டையைச் சுற்றி இரவில் குடும்பம் மொத்தமும் உட்காருகிறது. விடிவதற்குள் அத்தனையையும் உரித்துத் தின்று தீர்க்கிறார்கள். பசியும் பயமும் சிரிப்பும் அந்த ஒரே இரவில் கலந்து கிடக்கின்றன. பிறகு போலீஸ் வந்து குடிசையைச் சோதிக்கிறது. அங்கே யாரும் சாதியையோ அரசையோ விளக்குவதில்லை. ஆனாலும் நிலம் யாரிடம் இருக்கிறது, சட்டம் யார் கதவை உதைக்கிறது என்று படித்த எவருக்கும் புரிந்துவிடும். அந்தக் கண்ணுள்ள எழுத்தாளர் தன் மிகப் பெரிய வாசகக் கூட்டத்தைச் சந்தித்தபோது கையில் மேற்கோள்களை எடுத்துக்கொண்டு வந்தாரே என்பதுதான் என் வருத்தம். அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த லட்சம் பேருக்கு ஒரு குடிசையின் உள்புறமும் கிடைத்திருக்கலாம்.

மைசூரின் முற்போக்கு மேடைகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் இன்னொரு பேச்சு, மக்கள் ஏமாற்றப்பட்டு விட்டார்கள் என்பது. அமெரிக்காவில் 2004இல் தாமஸ் ஃபிராங்க் கான்சாஸ் மாநிலத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலும் இதைத்தான் சொன்னது. உழைக்கும் வெள்ளையர்கள் கலாச்சாரக் கோபத்தில் தங்கள் வயிற்றுக்கு எதிராகவே ஓட்டுப் போடுகிறார்கள் என்றார் அவர். இரண்டு ஆண்டு கழித்து லாரி பார்ட்டெல்ஸ் என்ற அரசியல் அறிஞர் தேர்தல் தரவுகளைப் பார்த்து, குறைந்த வருமானமுள்ள வெள்ளையர்கள் தென்மாநிலங்களுக்கு வெளியே ஜனநாயகக் கட்சியைப் பெரிதாகக் கைவிடவே இல்லை என்று காட்டினார். விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் வாக்காளரை நேரில் கேட்காமலே அவர் மனத்தைச் சொல்லிவிடும் பழக்கம் அங்கே கேள்விக்குள்ளானது.

கர்நாடகத்தில் 2023 மே மாதம் காங்கிரஸ் 224 இடங்களில் 135ஐப் பிடித்தபோது, முற்போக்கு எழுத்தின் வெற்றி என்று பலர் மகிழ்ந்தார்கள். 'எத்தேளு கர்நாடகா' போன்ற குடிமக்கள் இயக்கங்கள் உழைத்தது உண்மை. ஆனால் வாக்குறுதிகளுக்கும் பங்கு உண்டு: குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் கிருகலட்சுமி திட்டம் அந்த ஆகஸ்டில் மைசூரிலேயேதான் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் 28 தொகுதிகளில் பாஜக 17, மதச்சார்பற்ற ஜனதா தளம் 2, காங்கிரஸ் 9. மைசூர் தொகுதியில் பாஜக வேட்பாளராக நின்ற அரச குடும்பத்து யதுவீர் வாடியார் வென்றார். ஓராண்டு இடைவெளியில் அதே மக்கள். முதல் ஆண்டு விழித்தார்கள், அடுத்த ஆண்டு ஏமாந்தார்கள் என்று சொல்வது விளக்கம் ஆகாது. மாநிலத்துக்கு ஒருவர், டெல்லிக்கு ஒருவர் என்று தெளிவாகவே பிரித்துப் பார்க்கிற வாக்காளரிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிய குறுநூலைத்தான் நான் தேடுகிறேன்.

கேட்பதற்குப் பதில் இகழ்வது இன்னும் மோசம். 2023 அக்டோபரில் மைசூரில் நடந்த மகிஷ தசராவில் பேசிய பகவான், கன்னடக் கவிஞர் குவெம்புவை மேற்கோள் காட்டி ஒக்கலிகர்கள் பண்பாடற்றவர்கள் என்ற பொருள்படப் பேசினார். ஒக்கலிகர்கள் அவர் வீட்டு முன் போராடினார்கள், வழக்கும் பதிவானது. குவெம்பு தன் சொந்தச் சமூகத்தைக் கண்டித்தவர். அதை இன்னொருவர் எடுத்து வீசும்போது கண்டனம் வசையாகிவிடுகிறது. மகிஷன் இந்த மண்ணின் அரசன் என்று அந்த விழா முன்வைக்கும் வாதமும் அன்று யார் காதிலும் விழாமல் போயிற்று. கொலைப் பட்டியலில் இருந்த மனிதர் பேசும் உரிமைக்காக நிற்பேன். அந்தப் பேச்சால் யார் பலன் பெற்றார்கள் என்றும் கேட்பேன்.

சொந்தப் பக்கத்தைக் கேள்வி கேட்பதிலும் தயக்கம் இருக்கிறது. 2017 நவம்பரில் மைசூரில் நடந்த 83ஆவது கன்னட சாகித்ய சம்மேளனத்தில் தலைமையுரை ஆற்றிய சந்திரசேகர பாட்டீல், மதச்சார்பற்ற தேசியக் கட்சியை ஆதரிக்க வேண்டும் என்றார். எந்தக் கட்சி என்று அரங்கில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. சட்டமன்றத் தேர்தல் ஆறு மாதத்தில் வரவிருந்தது. எழுத்தாளர் ஒரு கட்சிக்காகப் பேசலாம், தப்பில்லை. ஆனால் அதன் பிறகு அந்தக் கட்சி ஆளும்போது அவர் கேட்கும் கேள்விக்கு எடை குறைகிறது. 2024இல் மூடா (மைசூர் நகர்ப்புற வளர்ச்சி ஆணையம்) மனை விவகாரம் வந்தபோது இது தெரிந்தது. கெசரே கிராமத்தில் 3 ஏக்கர் 16 குண்டே நிலத்துக்கு ஈடாக காங்கிரஸ் முதல்வர் சித்தராமையாவின் மனைவிக்கு விஜயநகரில் 14 மனைகள் தரப்பட்டிருந்தன. அவர் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார். ஆதாரம் இல்லை என்று 2025 பிப்ரவரியில் லோகாயுக்தா போலீஸ் சொல்லியது. முற்போக்கு மேடைகளில் ஓங்கி ஒலித்த வாதம், பிற்படுத்தப்பட்ட தலைவரைக் கவிழ்க்கச் சதி என்பது. சதியும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நகரத்தின் நிலம் யாருக்கு எந்த விதியில் பிரிகிறது, மனைக்கு மனுப் போட்டவர் எத்தனை ஆண்டு காத்திருக்கிறார் என்பது இடதுசாரி எழுத்தின் முதல் பாடம் அல்லவா? அந்தக் கோப்புகளைத் தோண்டி எடுத்தவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் வைத்திருந்த தனிமனிதர்கள்.

கடைசியாக, தமிழில் எழுதுகிறவன் தவிர்க்க முடியாத காவிரி. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வந்ததும் கர்நாடகத்தில் தமிழர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். 2016இல் பெங்களூரில் பேருந்துகள் எரிந்தன. பிற மதத்தவர் மீதான வெறுப்பை ஆராய்ந்து எழுதிய அளவுக்கு, தன் வாசகர்களிடமே கொதிக்கும் நதி வெறியை ஆராய்ந்து கைக்குக் கை போன வெளியீடு மைசூரிலிருந்து வந்ததாக எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டு இடதுசாரிகளும் இதில் மேலானவர்கள் அல்ல. எதிரியைப் பற்றி எழுதுவதைவிட நம்மைப் படிக்கிறவரைப் பற்றி எழுதுவது சிரமம்.

வழி இல்லாமல் இல்லை. 2003இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். ஜனகராஜன் முயற்சியில் இரு மாநில விவசாயிகள் 'காவிரிக் குடும்பம்' என்று ஒன்று கூடினார்கள். மண்டியா விவசாயத் தலைவர் கே.எஸ். புட்டண்ணய்யா அதில் இருந்தார், மகாதேவவின் நெடுநாள் அரசியல் தோழர் அவர். ஒருவர் வயலை இன்னொருவர் போய்ப் பார்த்தார்கள். 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய நீரை 177.25 டிஎம்சி என்று நிர்ணயித்தது. அந்த எண் மாநிலங்களோடு நின்றுவிடுகிறது. மண்டியாவில் கரும்புக்கு எவ்வளவு, கால்வாயின் தலைப்பில் நிலமுள்ளவருக்கு எவ்வளவு, கடைமடையில் நாகப்பட்டினத்துச் சிறுவிவசாயிக்கு எவ்வளவு, நிலமே இல்லாமல் நாற்று நடும் பெண்ணுக்கு அந்த நீரில் பங்கு உண்டா என்ற கணக்கை இரு மொழியிலும் 40 ரூபாய்க்கு யாராவது அச்சடிக்கட்டும். ராயல்டி கேட்காத எழுத்தாளரும் கைக்காசு போட்டு அச்சிடும் வாசகரும் இருக்கிறார்கள் என்று மைசூர் ஏற்கெனவே காட்டிவிட்டது.