உறங்கும் அணியும் விழித்த அணியும்

ஆங்கிலத்தில் அணிகளை இனங்காணுதல் என்றவுடன் நம்மில் பலருக்குப் பள்ளித் தேர்வே நினைவுக்கு வரும். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து அதிலுள்ள அணியின் பெயரைக் கேட்பார்கள். 'போல' எனப் பொருள்தரும் சொல் இருந்தால் உவமை, இல்லாவிடில் உருவகம் என்று எழுதி மதிப்பெண் பெற்றோம். அப்பயிற்சி வீணன்று. ஆயினும், விளக்கவுரைகளையும் இறையியல் நூல்களையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கற்று, கற்றதைத் தமிழில் சபைக்கு எடுத்துரைக்கும் பொறுப்புடைய நமக்கு அது போதுமா என்பதே இங்கு நாம் ஆராயப்புகும் வினா. அணிக்குப் பெயரிடுதல் வேறு, அணியை அறிதல் வேறு என்பது நமது துணிபு.

பெயரிடும் முறையின் சிகரமெனத் தகுவது, ஆங்கிலிக்கன் குருவாகிய இ. டபிள்யூ. புல்லிங்கர் திருமறையில் வரும் அணிகளைப் பற்றி 1898-இல் வெளியிட்ட நூலாகும். ஆயிரம் பக்கங்களைக் கடந்த அந்நூல், 200-க்கு மேற்பட்ட அணிகளைக் கிரேக்க, இலத்தீன் பெயர்களோடு தொகுத்து, சொல் குறைவதால் ஆவன, சொல் மிகுவதால் ஆவன, மாற்றத்தால் ஆவன என மூவகைப்படுத்துகிறது. தண்டியலங்காரம் கூறும் பொருளணிகள் 35 என்று பயின்ற நாம் அத்தொகையைக் கண்டு மலைப்பதில் வியப்பில்லை. அணி வெறும் ஒப்பனையன்று, பேசுவோன் அழுத்தம் தர விரும்பும் இடத்தைக் காட்டும் அடையாளம் என்று புல்லிங்கர் வற்புறுத்தியது ஏற்கத்தக்கதே. அவருடைய உழைப்பையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், இத்தகைய பட்டியலில் எல்லா அணிகளும் ஒரே நிறையுடையனவாய்த் தோன்றிவிடுகின்றன. பெயரைக் கண்டுபிடித்தவுடன் பொருளையும் கண்டுபிடித்துவிட்டதாக மாணவர் எண்ணத் தலைப்படுகிறார்.

அன்றாட ஆங்கிலத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஆங்கிலேயர் ஒருவர் ஒரு பிரசங்கத்தைக் கேட்டபின் 'நாட் பேட்' என்று கூறினால், 'மோசமில்லை' எனச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துக்கொண்டு பிரசங்கியார் வருந்தக்கூடும். அங்கே சொல்லப்பட்டது பெரும்பாலும் பாராட்டேயாகும். எதிர்மறையால் உடன்பாட்டை உணர்த்தும் இவ்வணி அப்போஸ்தலர் 21:39-இலும் உண்டு. அங்கே பவுல் தமது ஊராகிய தர்சுவை அற்பமல்லாத பட்டணம் என்னும் பொருள்பட மூலமொழியில் குறிப்பிடுகிறார். ஆங்கில ஆணைப்பெற்ற மொழிபெயர்ப்பு அவ்வெதிர்மறையை அப்படியே காத்தது. நம் பழைய தமிழ்த் திருப்புதலோ 'கீர்த்திபெற்ற' என்று கருத்தை நேராகவே தந்தது. மொழிபெயர்த்தோர் அணியை அறிந்திருந்தனர்; அதற்கு அவர்கள் பெயர் சூட்டினார்களா என்பது ஒரு பொருட்டன்று.

இதனை நன்குணர்ந்தவர் வில்லியம் டிண்டேல். கிறிஸ்தவனின் கீழ்ப்படிதலைப் பற்றி 1528-இல் அவர் வெளியிட்ட நூலில், திருமறைக்கு ஒரே பொருள் உண்டு, அது நேர்ப்பொருளே என்று வாதிடுகிறார். அவ்வாறாயின் திருமறையிலுள்ள உவமைகளும் பழமொழிகளும் என்னாவது? எல்லாப் பேச்சிலும் அவை உள்ளதுபோலத் திருமறையிலும் உள்ளன என்றும், அவற்றால் உணர்த்தப்படுவது எதுவோ அதுவே அவற்றின் நேர்ப்பொருள் என்றும் அவர் விடையிறுக்கிறார். இதற்குச் சான்று தேடி அவர் இறையியல் நூல்களுக்குச் செல்லவில்லை. தான் நிற்கும் கிளையைத் தானே வெட்டலாகாது என்னும் மரம்வெட்டுவோரின் எச்சரிக்கையை எடுத்துக்காட்டி, பொதுமக்களை ஒடுக்காதே என்பதே அதன் நேர்ப்பொருள் என்கிறார். உழவரும் தொழிலாளரும் பேசிய ஆங்கிலமே அவருக்கு அணியிலக்கணமாயிற்று. சொற்கள் எதைக் குறிக்கின்றன என்பதோடு, பேசுவோன் அவற்றால் யாருக்கு என்ன சொல்கிறான் என்றும் அவர் கேட்டார். அணியை அறிதலின் முதற்படி இக்கேள்வியே.

இரண்டாம் படி ஒன்றுண்டு. அன்றாட மொழியிலுள்ள அணிகளிற் பல உறங்குகின்றன. மேசைக்குக் கால் உண்டு என்றும் மலைக்கு அடி உண்டு என்றும் கூறுவோர் எவரும் உடலை நினைப்பதில்லை. எச்.டபிள்யூ. ஃபௌலர் தமது ஆங்கில வழக்கு அகராதியில் (1926) உயிருள்ள உருவகம், உயிரற்ற உருவகம் என இவற்றைப் பிரித்துக் காட்டினார். ஆனால் உறங்குவது விழிக்கவும் கூடும். இங்கிலாந்தின் ஆலைகளில் உழைத்தோரை 'ஹேண்ட்ஸ்', அதாவது கைகள், என்று அழைப்பது பொதுவழக்காயிருந்தது. நம் இலக்கணம் இதனைச் சினையாகுபெயர் என்னும். 'தலைக்கு இவ்வளவு' என்று நாம் கூறுவதும் அதுவே. சார்லஸ் டிக்கன்ஸ் 1854-இல் எழுதிய 'ஹார்டு டைம்ஸ்' என்னும் நாவலில் இவ்வழக்கை எடுத்து, இம்மக்களைக் கடவுள் வெறுங்கைகளாகவே படைத்திருந்தால் சிலருக்கு அவர்கள்மேல் இன்னும் அதிகப் பிரியம் இருந்திருக்கும் என்று எள்ளுகிறார். அந்நொடியில் உறங்கிய சொல் விழித்துக்கொள்கிறது. கைகளைக் கண்டவர்கள் முகத்தைக் காணவில்லை என்பது வெளியாகிறது. சினையாகுபெயர் என்று ஓரத்தில் குறித்துவிட்டு மேலே செல்லும் வாசகர் இவ்விடத்தில் எதையும் அறிந்தவராகார்.

இலக்கிய ஆங்கிலத்தில் இதற்குத் தலைசிறந்த சான்று, மில்டன் 1637-இல் பாடிய 'லிசிடஸ்' என்னும் இரங்கற்பா. திருப்பணிக்கென்று கருதப்பட்ட எட்வர்டு கிங் என்னும் அவரது கேம்பிரிட்ஜ்த் தோழர் அயர்லாந்துக்குச் செல்லும் வழியில் கடலில் மூழ்கி மாண்டார். அவருக்காக மேய்ப்பரின் பாட்டாக அமைந்த அச்செய்யுளில் பேதுரு தோன்றி, மந்தையைக் காவாத குருமாரைக் கண்டிக்கிறார். அப்போது அவர்களைக் குருடாகிய வாய்கள் என்னும் கருத்துப்பட அழைக்கிறார். வாய் எங்ஙனம் குருடாகும்? பட்டியல் நூல் இதனைப் பொருந்தா உருவகம் என்று பெயரிட்டு விட்டுவிடும். ஜான் ரஸ்கின் 1864-இல் மான்செஸ்டர் அருகே ஆற்றி, மறு ஆண்டு நூலாக்கிய சொற்பொழிவில் அவ்வாறு விடவில்லை. 'பிஷப்' என்னும் சொல்லின் மூலப்பொருள் மேற்பார்ப்பவர். 'பாஸ்டர்' என்பதன் மூலப்பொருள் ஊட்டி மேய்ப்பவர். காணவேண்டியவர் காணாதிருத்தல் குருட்டுத்தன்மை. ஊட்டவேண்டியவர் தாமே உண்ண விரும்புதல் வெறும் வாயாதல். ஆகவே இரு பணிகளின் இரு கேடுகளையும் மில்டன் இரண்டே சொற்களில் அடக்கினார் என்பது ரஸ்கினின் விளக்கம்.

இவ்விளக்கத்தை நாம் அப்படியே ஏற்கலாமா? சொல்லின் வேரைத் தோண்டிப் பொருள்கொள்வதன் ஆபத்தை ஜேம்ஸ் பார் 1961-இல் வெளியிட்ட, திருமறை மொழியின் பொருளியல் பற்றிய நூலில் கடுமையாக எச்சரித்தார். ஒரு சொல்லின் பொருள் அதன் வழக்கில் உள்ளது. அதன் பழைய வேர் எல்லா இடத்திலும் உயிரோடு இருப்பதில்லை. 'பிஷப்' வந்தார் என்று செய்தித்தாளில் படிக்கும் ஆங்கிலேயர் கண்ணையோ பார்வையையோ நினைப்பதில்லை. பாரின் எச்சரிக்கை நியாயமானது. நம் பிரசங்க பீடங்களுக்கு மிகவும் வேண்டுவது. அப்படியிருந்தும் ரஸ்கின் இவ்விடத்தில் தவறவில்லை என்றே நாம் கருதுகிறோம். காரணம் சொற்பிறப்பன்று, செய்யுளே. பேதுருவின் உரை முழுவதிலும் தொழுவமும் மேய்ப்பனின் கோலும் பசித்த ஆடுகளும் தம் வயிற்றுக்காகவே உள்ளே நுழைவோரும் நிறைந்துள்ளனர். மேய்ப்பு என்னும் உருவகத்தைச் செய்யுள்தானே எழுப்பியிருக்கிறது; ரஸ்கின் அதன் விழிப்பைக் கண்டார். 'பிஷப்' என்பதைப் பற்றிய அவரது கூற்று இதனினும் சற்று நொய்யது. ஆயினும் குருட்டுத்தன்மை என்னும் சொல்லே அதற்கு இடந்தருகிறது. செய்யுள் எழுப்பாததைத் தாமே எழுப்பியிருந்தால் அவர் விளக்கவுரையாளராகாமல் புனைந்துரைப்பவராயிருப்பார்.

ஆகவே, ஆங்கில நூலொன்றில் அணியைச் சந்திக்கும்போது நாம் கேட்கவேண்டியவை மூன்று. பேசுவோன் இதனால் யாருக்கு என்ன சொல்கிறான்? இவ்வணி இவ்வழக்கில் உறங்குகிறதா, விழித்திருக்கிறதா? விழித்திருந்தால், அதனை எழுப்பியது பனுவலா, நாமா? இவற்றுக்கு விடை கண்டபின் பெயரைக் கேட்டால் போதும். பெயர் நினைவுக்கு வராவிடினும் பெருந்தீங்கில்லை.

இவ்வாராய்ச்சி ஆங்கிலத்தோடு முடிவதாயின் நமக்கு எளிதாயிருக்கும். ஆனால் பிலிப்பியர் 1:1-இல் 'கண்காணி' என்று நாம் வாசிக்கும் சொல்லில் கண் இருக்கிறது; ஆயர், பேராயர் என்னும் சொற்களில் மேய்ப்பு இருக்கிறது. ரஸ்கின் வேர்களில் தேடியவை இரண்டும் நம் தமிழில் மேற்பரப்பிலேயே உள்ளன. எனினும் அவை நம் வாயில் பெரும்பாலும் உறங்குகின்றன. சுற்றறிக்கைகளிலும் அழைப்பிதழ்களிலும் பட்டங்களாக நின்றுவிடுகின்றன. ஆலை முதலாளிகளுக்குக் கைகள் என்ற சொல் எவ்வளவு வசதியாக உறங்கியதோ, அவ்வளவு வசதியாகவே நமக்கு இச்சொற்களும் உறங்கக்கூடும். மில்டனின் கண்டனத்தைப் பிறமொழிச் செய்யுளில் வந்த ஓர் அழகிய அணி என்று நம் மாணவர்க்குக் கற்பித்து முடிப்பதா, அல்லது அது யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று அவர்களோடு சேர்ந்து கேட்பதா என்பதை, கற்பிக்கும் நாம் முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.